விரலுக்கு ஒரு கேட் பாஸ்

எளிமையாக வாழ்வது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த தாண்டவராயன் ஒரு பெரிய வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடியாக உட்கார்ந்து ஒரகடம் வந்திருந்தால், அவர் எளிமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். காரில் வந்ததால்தான் பேச முடிந்தது.

கம்பெனியின் உண்மைப் பெயரைச் சொன்னால் என்மேல் கேஸ் போடுவார்கள். நித்தியகல்யாணி பிரஸ் பார்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் கதவுக்குள் இருக்கிற தகடுகளை வளைத்து, வெட்டி, அனுப்புகிறோம். என் பெயர் உதயசூரியன், ஊர் பிள்ளைப்பாக்கம். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். அதனால்தான் இன்னும் ஆபரேட்டராகவே இருக்கிறேன்.

ஆடி மாதம் அவர் வந்த அன்று எங்களை வெயிலில் உட்காரவைத்தார்கள். தாண்டவராயன் செருப்புப் போட மாட்டாராம். தரையெல்லாம் இரும்புச் சிம்பு கிடக்கிற இடம் என்பதால், அவர் வெறுங்காலோடு நடக்க வசதியாகச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அமெரிக்காவில் பெரிய சம்பளத்தை உதறிவிட்டு, மணிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஆறு ஏக்கர் தோட்டத்தில் மண்வீடு கட்டி, ஒரு வேட்டியோடும் ஒரு சட்டியோடும் வாழ்வதாகச் சொன்னார். "உங்களிடம் என்ன இல்லை என்று பார்க்காதீர்கள் நண்பர்களே. என்ன அதிகமாக இருக்கிறது என்று பாருங்கள்" என்றார். எங்களிடம் என்ன அதிகமாக இருக்கிறது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேர்வைதான் இருந்தது.

அடுத்து ஹெச்ஆர் மேனேஜர் சுகப்பிரியா மேடம் மைக்கைப் பிடித்து, சிவப்புச் சீட்டைப் பற்றிப் பேசினார். சிவப்புச் சீட்டு எங்களுக்குப் புதிதல்ல. ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்த முறை. மூன்று மாதமாக யாரும் தொடாத பொருள் எதுவோ, அதில் ஒரு சிவப்பு அட்டையை நைலான் நூலால் கட்டிவிட வேண்டும். பிறகு அதைக் கேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கம்பிக் கூண்டில் போட வேண்டும். ஒரு வாரத்துக்குள் யாராவது வந்து அது தேவை என்று நிரூபிக்காவிட்டால் ஸ்கிராப். துருப்பிடித்த ஸ்பேனருக்கு இருந்த இந்தச் சட்டத்தை, இனிமேல் வாழ்க்கைக்கும் நீட்டிக்கப்போவதாக மேடம் அறிவித்தார். அதற்கு ஒரு எளிமைக் குழு. தாண்டவராயன், மேடம், பிளாண்ட் மேனேஜர், மூன்று பேர். செக்யூரிட்டிக்காரர்களுக்கு எளிமைத் தொண்டர் என்று பெயர் மாற்றினார்கள். லத்தியை மட்டும் மாற்றவில்லை.

முதல் வாரமே தீயணைக்கும் சிலிண்டர்களில் சீட்டுத் தொங்கியது. ஒரு வருடமாக யாரும் தொடவில்லையே! தீப்பிடித்தால் அது தேவை என்று நிரூபித்து வாங்கிக்கொள்ளலாம் என்றார் மேடம். அடுத்து முதலுதவிப் பெட்டி போயிற்று. கேண்டீன் ஃபிரிட்ஜ் போய் மண்பானை வந்தது. மெஷின்கள் ஓடுகிற ஷாப்பில் மின்விசிறிகள் போயின. குழு உட்காரும் அறையில் ஏசியைத் தினமும் தொடுகிறார்கள் என்பதால் அதற்குச் சீட்டு இல்லை. ஞாயம்தானே.

இந்த இடத்தில் மாசானத்தைச் சொல்ல வேண்டும். களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவன். என் பிரஸ் மெஷினுக்குப் பக்கத்து மெஷின் அவனுடையது. எதையும் நம்புவான், எதுவும் புரியாது, புரியாததை என்னிடம் கேட்பான். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் பெயர் சந்திரலேகா. தாலி கட்டும்போது முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் அவன் கூடப்பிறந்தவள் என்பது வழக்கம். இவனுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. அதனால் மூன்றையும் நீதான் போட வேண்டும், அவிழ்ந்தால் பார் என்று அந்தப் பெண் போனிலேயே மிரட்டிவைத்திருந்தது. டீ நேரத்தில் சிவப்புச் சீட்டின் நூலை எடுத்துத் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டுப் பழகுவான். முடிச்சு நழுவினால் அன்று முழுக்க முகம் தொங்கிப்போகும்.

ஆவணியில் தொண்டர்கள் ஹாஸ்டலுக்குள் புகுந்தார்கள். எட்டுப் பேர் படுக்கிற அறை. இரண்டாவது பேண்ட், முகம் பார்க்கும் கண்ணாடி, தலையணை எல்லாவற்றுக்கும் சீட்டு. சாத்தூர்க்காரன் ஒருவன் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மறுத்தான். தோளில் போட்டார்கள் பாருங்கள் ஒரு போடு, தோள்பட்டை எலும்பு சத்தமாகவே உடைந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான், தலையணை ஸ்கிராப்புக்குப் போனது. எளிமைக்கு எளிமையும் ஆயிற்று.

மாசானத்தின் கட்டிலுக்கு அடியில் பெட்டி பிரிக்காத ஒரு மிக்ஸி கிடைத்தது. கல்யாணம் ஆகிக் குடித்தனம் வைத்தபின் பிரிக்கலாம் என்று வைத்திருந்தான். ஆசையை அவரவர் கையாலேயே உடைக்க வேண்டும் என்பது தாண்டவராயனின் கொள்கை. எல்லோரையும் யார்டில் நிறுத்தி, எட்டு பவுண்டு சம்மட்டியை அவன் கையில் கொடுத்தார்கள். அவன் சம்மட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். செக்யூரிட்டி ஆபீசர் பின்னங்காலில் லத்தியால் ஒன்று வைத்தார். இரண்டு வைத்தார். மூன்றாவதுக்கு அவன் மண்டியிட்டு விழுந்து, விழுந்தபடியே அடித்தான். ஜாடி தெறித்து அவன் நெற்றியைக் கிழித்தது. தாண்டவராயன் கைதட்டினார்.

"அண்ணாச்சி, போன தீவாளிக்கு இவியதான தந்தாவ? இப்பம் இவியளே ஒடைக்கச் சொல்லுதாவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றான் மாசானம், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. எனக்கு மட்டும் விளங்கியதா என்ன.

ஆயுதபூஜை வந்தது. எங்கள் மெஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. தகட்டைக் கையால் உள்ளே வைக்க வேண்டும். பிறகு இரண்டு பட்டனை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து வெட்டுக்கத்தி இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே கை இருக்காது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. அதற்கும் மேலே, மெஷினுக்கு முன்னால் இருபுறமும் சென்சார் கண்கள் உண்டு. குறுக்கே கை போனால் கண் மறைந்து மெஷின் அப்படியே நின்றுவிடும்.

பூஜையன்று எல்லோரும் மெஷினின் நெற்றியில் பொட்டு வைத்தோம். மாசானம் மட்டும் அந்தச் சென்சார் கண்கள் ஒவ்வொன்றிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்தான். ஏண்டா அங்கே வைக்கிறாய் என்று கேட்டதற்கு, "நம்ம கையக் காக்குத சாமி இதுதான அண்ணாச்சி" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவன் ஒருவனாவது சரியான சாமியைக் கும்பிடுகிறானே என்று நினைத்தேன்.

மறுநாள் மெஷின் ஓடவில்லை. சாமிக்குக் கண் தெரியவில்லை. துடைத்தோம், எண்ணெயோடு சேர்ந்து குங்குமம் உள்ளே இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும். புதுக் கண் வாங்க வேண்டும் என்று மெயின்டனன்ஸில் எழுதிக் கேட்டார்கள். எளிமைக் குழு கம்பளம் விரித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

தாண்டவராயன் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இயந்திரத்துக்கு எதற்குக் கண்? உங்களுக்குத்தான் இரண்டு கண் இருக்கிறதே. ஒரு வேலைக்கு இத்தனை கண் என்பது ஆடம்பரம். விழிப்புணர்வோடு வாழ்பவனுக்குச் சென்சார் தேவையில்லை" என்றார். பிளாண்ட் மேனேஜர் அதைக் கேட்டு உருகிப்போனார். புதுக் கண் வாங்குகிற செலவு மிச்சம் என்பதற்காக அல்ல, தத்துவத்துக்காகத்தான். கண்களைக் கழற்றிச் சீட்டுக் கட்டினார்கள். அப்படியே தாண்டவராயனின் பார்வை பட்டன்மேல் விழுந்தது. இரண்டு கையையும் பட்டனில் வைத்துவிட்டால் அடுத்த தகட்டை எந்தக் கையால் எடுப்பீர்கள் என்று கேட்டார். இரண்டில் ஒன்று அதிகம்தான் என்று மேடம் குறித்துக்கொண்டார்.

மாசானம் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "அதுக்குத்தானய்யா ரெண்டு பட்டன். கை உள்ள கெடக்கக் கூடாதுன்னுதான. எனக்குத் தையில கல்யாணம்யா" என்றான்.

தாண்டவராயன் அவன் தோளைத் தட்டி, பயம்தான் அவனிடம் இருக்கும் மிகப் பெரிய சுமை என்றும், அதையும் சீக்கிரம் கழித்துவிடலாம் என்றும் ஆசி சொன்னார். நான் நடுவில் புகுந்து, கை போனால் யார் பொறுப்பு என்று கேட்டேன். எனக்கு வாய் அதிகம் என்று என் சட்டைப் பொத்தானில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டினார்கள். அன்று மாலையே ஒரு பட்டனின் ஒயரைப் பிடுங்கி, மற்றதை மட்டும் அழுத்தினாலே கத்தி இறங்கும்படி மாற்றினார்கள். உற்பத்தி ஏறியது. எம்.டி. எல்லோருக்கும் லட்டு அனுப்பினார். ஆளுக்குப் பாதி. முழு லட்டு எளிமைக்கு ஆகாது.

கார்த்திகை மாதம், காலை டீ முடிந்து வந்த நேரம். மாசானம் இடது கையால் பட்டனை அழுத்தினான். வலது கை கோணலாக இருந்த தகட்டைச் சரிசெய்யப் போனது. கத்தி இறங்கியது. தகட்டை வெட்டினாலும் விரலை வெட்டினாலும் அந்த மெஷினுக்கு ஒரே சத்தம்தான். அதனால் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, பீஸு சரியா விழலியே" என்று அவன் குரல் கேட்டுத்தான் திரும்பினேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்தில் ரத்தம் பம்ப்செட் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அவன் முகத்திலும் அடித்தது, என் முகத்திலும் அடித்தது. வெட்டிய தகட்டு ஓரங்களுக்கு நடுவில், கத்தரித்தது போல, இரண்டு விரலும் தட்டில் கிடந்தன. அவன் அதைப் பார்த்தான், கையைப் பார்த்தான், மறுபடி தட்டைப் பார்த்தான். எந்தப் பக்கம் தன்னுடையது என்று அவனுக்குத் தெரியவில்லை.

என் சட்டையைக் கழற்றி அவன் கையை இறுக்கிக் கட்டினேன். முதலுதவிப் பெட்டி எப்போதோ ஸ்கிராப்புக்குப் போயிருந்தது. வெட்டுப்பட்ட விரலைப் பையில் போட்டு ஐஸில் வைத்துச் சீக்கிரம் கொண்டுபோனால் தைத்து ஒட்டிவிடுவார்கள் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். பிரஸ் ஷாப்பில் இது பாலபாடம். ஐஸுக்கு எங்கே போவது? ஃபிரிட்ஜும் இல்லை. தாண்டவராயனின் டிரைவர் பிச்சையா நல்ல மனுஷன். ஐயாவுக்கு இளநீர் ஜில்லென்று வேண்டுமென்று காருக்குள் ஐஸ்பெட்டி இருக்கிறது, எடுத்துப்போ என்று தூக்கிக் கொடுத்தார்.

ஓடி வந்து பார்த்தால் தட்டில் விரல் இல்லை. தனக்குரிய இடத்தில் இல்லாத எந்தப் பொருளும் கூண்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. செக்யூரிட்டி ஆபீசர் இரண்டு விரலையும் ஒரு பாலிதீன் பையில் போட்டு, சிவப்புச் சீட்டுக் கட்டி, கூண்டில் வைத்துப் பூட்டிவிட்டார். காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில், ஐஸ்பெட்டிக்கும் ஒரு சீட்டுக் கட்டிவிட்டு விரலை அதற்குள் வைக்கச் சம்மதித்தார். இரக்கம் அவ்வளவுதான் ஸ்டாக் இருந்தது.

சாவி குழுவிடம். குழு ஏசி அறையில். நான் சட்டையில்லாமல், உடம்பெல்லாம் ரத்தத்தோடு போய் நின்றேன். "எமோஷனல் ஆகாதீங்க உதயசூரியன். ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கு" என்றார் சுகப்பிரியா மேடம். பொருள் தேவையானதுதான் என்று நிரூபிக்க வேண்டுமாம். கடந்த மூன்று மாதத்தில் அந்த விரல்கள் உபயோகத்தில் இருந்தனவா என்று கேட்டார்.

"காத்தால ரெண்டும் டூட்டிக்கு வந்துச்சு மேடம்" என்றேன்.

அதைப் பதிவு செய்துகொண்டார்கள். அடுத்து, கம்பெனிக்கு உள்ளே வரும்போது மாசானம் விரல்களைக் கேட்டில் காட்டிப் பதிவு செய்தானா என்ற கேள்வி வந்தது. பதிவு செய்யாத பொருள் கம்பெனிப் பொருளாகத்தான் கருதப்படும் என்றார் பிளாண்ட் மேனேஜர். வெளியே கொண்டுபோக கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸில் இரண்டு வகை. திரும்பி வரும் பொருள், திரும்பி வராத பொருள். இது எது என்று மூன்று பேரும் விவாதித்தார்கள். ஒட்டினால் திரும்பி வரும், ஒட்டாவிட்டால் வராது, ஆகவே ஒட்டுமா ஒட்டாதா என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால் கேட் பாஸ் போடலாம் என்று முடிவானது. டாக்டருக்குக் காட்ட விரல் வேண்டுமே என்றேன். அதற்கு கேட் பாஸ் வேண்டும் என்றார்கள்.

தாண்டவராயன் கண்ணை மூடிக்கொண்டு, "பிரிந்து போனதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் துடிக்கிறோம் பாருங்கள், அங்கேதான் துக்கம் பிறக்கிறது" என்றார்.

பாவி, உன் வாயில் புழு வைக்க! நான் நாற்காலியைத் தூக்கினேன். அது மேஜைமேல் விழுந்து கண்ணாடி சிதறியது. கூண்டுக்கு ஓடி, ஒரு இரும்புக் குழாயால் பூட்டை அடித்தேன். தொண்டர்கள் வந்துவிட்டார்கள். ஆபீசர் மூக்கில் நான் விட்ட குத்தில் அவருக்கு மூக்குத்தண்டு வளைந்தது. அதற்குப் பதிலாக எனக்கு முதுகிலும் முழங்காலிலும் லத்தி, வாயில் பூட்ஸ். இரண்டு பல் வெளியே வந்து விழுந்தது. நல்லவேளை, அதற்குச் சீட்டுக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. கேட் ஓரத்தில் மாசானம் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். என் சட்டை அவன் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஸ்கிராப் லாரி உள்ளே வந்தது. ஸ்கிராப் காண்டிராக்டர் சீனிவாசனை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. அவர்மேல் மூன்று கொலைக் கேஸ் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டுதான் என்று அவரே திருத்துவார். லாரியிலிருந்து இறங்கி, தரையில் கிடந்த என்னையும் கூண்டையும் பார்த்தார். நடந்ததை ரத்தம் துப்பித் துப்பிச் சொன்னேன்.

"இன்னாயா இது, வெரலு யார்து?" என்று ஆபீசரைக் கேட்டார்.

மாசானத்துடையது என்றார் ஆபீசர், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"அவன்துன்னா அவன்கிட்ட குடுக்க வேண்டியதுதான? இதுக்கு இன்னாத்துக்கு மீட்டிங்கி?"

நாலைந்து மாதமாக அந்தக் கம்பெனியில் எளிமையாகப் பேசப்பட்ட ஒரே பேச்சு அதுதான். எடை போடாமல் எதையும் எடுக்க முடியாது என்று ஆபீசர் குறுக்கே வந்தார். சீனிவாசன் கன்னத்தில் விட்ட அறையில் அவர் இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தார். கூண்டுக்குள் இருப்பதெல்லாம் தன்னுடையது, அக்ரிமெண்ட் அப்படி, விரலும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டு, கடப்பாரையால் ஒரே நெம்பில் பூட்டைப் பெயர்த்தார். என்னையும் மாசானத்தையும் ஐஸ்பெட்டியையும் லாரியில் ஏற்றினார்கள். கேட் கம்பம் இறங்கியிருந்தது. லாரி நிற்கவில்லை. கம்பம் முறிந்து ஒரு தொண்டரின் தொடையில் இறங்கியது. அவர் அலறினார். அவருக்கும் முதலுதவிப் பெட்டி இல்லை.

ஆஸ்பத்திரியில் நடுவிரல் ஒட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரல் ஒட்டவில்லை. அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இரண்டும் பிடித்திருக்கும் என்றார் டாக்டர். அந்த அரை மணி நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். திரும்பி வருமா, வராதா என்று ஏசி அறையில் விவாதித்துக்கொண்டிருந்தது.

மாசானம் அழவில்லை. நினைவு வந்ததும் ஒரு நூல் கேட்டான். கட்டுப்போட்ட கையால் தண்ணீர் பாட்டிலில் முடிச்சுப் போட்டுப் பார்த்தான். நழுவியது. மறுபடி போட்டான். நழுவியது. "அண்ணாச்சி, தாலி அவுந்து விழுந்தா அவ என்னைய என்ன நெனப்பா?" என்றான். மார்கழி முழுக்க அந்த பாட்டிலோடு மல்லுக்கட்டினான்.

சீனிவாசன்மேல் கம்பெனி போலீஸில் புகார் கொடுத்தது. இரண்டு பொருள்கள் எடை போடாமல் எடுத்துச் செல்லப்பட்டனவாம். மாசானத்தின் விஷயம் விபத்தாகப் பதிவாகவில்லை, தானாக முன்வந்து எளிமையானதாகப் பதிவாயிற்று. அதனால் விபத்தே இல்லாத வருடம் என்று பலகை வைத்தார்கள். என்னையும் வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கினால் காரணம் எழுத வேண்டுமே.

போகிக்கு முந்தின நாள் ஷாப்பிலேயே மேடை போட்டு, மாசானத்துக்கு 'எளிமைச் செம்மல்' பட்டம் கொடுத்தார்கள். சுகப்பிரியா மேடம் அவனை எங்களுக்கெல்லாம் இன்ஸ்பிரேஷன் என்றார். தாண்டவராயன் மைக்கைப் பிடித்தார்.

"பத்து விரலோடு பிறந்தோம். பத்தும் தேவையா என்று என்றாவது கேட்டோமா? மாசானம் கேட்டார். தலைக்கு வந்தது விரலோடு போயிற்று என்று நாம் மகிழ வேண்டும். ஒன்பது விரலோடு அவர் என்னைவிட முழுமையானவராக நிற்கிறார். எனக்கே பொறாமையாக இருக்கிறது" என்றார். பொறாமையில் குரல் தழுதழுத்தது.

பிறகு ஒரு புதுச் சிவப்புச் சீட்டை நூலோடு மாசானத்தின் கையில் கொடுத்து, வாழ்க்கையில் இனி தேவையில்லை என்று உன் மனசுக்குப் படுவது எதுவோ, அதில் நீயே கட்டு தம்பி என்றார்.

மாசானம் வழக்கம்போல ஒன்றும் விளங்காமல் நின்றான். மேடையைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு தாண்டவராயனுக்கு முன்னால் போய் நூலை விரித்தான். அவர் மாலை என்று நினைத்துக் கழுத்தைப் பணிவாக நீட்டினார்.

முதல் முடிச்சு விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டேயிருந்தார். இரண்டாவதை அவன் இழுத்துப் போட்டான். சிரிப்பு நின்றது. கண் பிதுங்கி, கை காற்றில் எதையோ தேடியது. தொண்டர்கள் லத்தியோடு மேடைக்குப் பாய்ந்தார்கள். நாங்கள் நடுவில் நின்றுகொண்டோம். மண்டை உடைந்தவர்கள் உடைந்தபடியே நின்றார்கள். எங்கள் கூட்டத்திலிருந்து யாரோ "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான். கையில் கிடைத்த குழாயால் தகட்டிலும் பீப்பாயிலும் பிரஸ்ஸிலும் எல்லோரும் ஓங்கி அடித்தோம். அந்த இரைச்சலில் தாண்டவராயனின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மாசானம் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒட்டவைத்த நடுவிரலால் நூலை அழுத்திப் பிடித்து, மூன்றாவது முடிச்சைப் போட்டான்.

தாண்டவராயன் கருநீலமாகி மேடையில் சாய்ந்தார். கத்தரிக்கோல் எங்கே, கத்தரிக்கோல் எங்கே என்று சுகப்பிரியா மேடம் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். கத்தரிக்கோல் முதலுதவிப் பெட்டியில் இருந்தது. பிச்சையா ஓடிவந்து பல்லால் நூலைக் கடித்தார். நைலான் நூல், லேசில் அறுகிறதா?

மாசானம் அதையெல்லாம் பார்க்கவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பல நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, மூணும் நல்லா விழுந்துட்டு. அவுறவே மாட்டேங்கு பாத்தியளா" என்றான்.